இன்றைய தோனா யார்?

தேன் எடுக்கக் காட்டுக்குப் புறப்படும் வணிகன் தோனா, துக்கே என்னும் ஏழைச் சிறுவனையும் உடன் அழைத்துச் செல்கிறான். புலி உருக்கொள்ளும் தொக்கின் ராய், சிறுவனைத் தனக்கு விட்டுச் சென்றால் படகுகள் நிறையத் தேனும் மெழுகும் தருவதாகக் கூற, தோனா இசைந்துவிடுகிறான். தாய் சொல்லியனுப்பியபடி துக்கே குரல் கொடுக்க, வங்க மக்கள் போன்பீபி என்றழைக்கும் வனதேவதை வந்து காப்பாற்றுகிறாள். மேற்கு வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளில் இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே போற்றும் கதை இது. வெறுங்கையுடனும் தூய மனத்துடனும் மட்டுமே காட்டுக்குள் செல்ல வேண்டும் என்பதை அங்குள்ள குழந்தைகள் இக்கதை வழியே அறிகின்றனர். தேனடையை முழுவதும் அறுக்காமல் ஒரு பகுதியை விட்டுவரும் வழக்கமும் அங்குண்டு. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது என நாம் புரிந்துகொள்ளலாம்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் வலியுறுத்தியது. பாடம் வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் 2009இல் அய்லா புயலும் 2020இல் அம்பன் புயலும் கரைகளை உடைத்து, வயலிலும் குளத்திலும் உப்புநீரை நிரப்பியபோது, அந்த நீருக்கும் பாடநூலில் படித்த கரியமில வாயுவுக்கும் உள்ள தொடர்பை எத்தனை பிள்ளைகளால் உணர முடிந்திருக்கும்?

கதை உதவுவது இங்கேதான். எனினும் பழங்கதையை அப்படியே ஒப்பித்தால் பழி தவறான இடத்தில் விழும். கடல்மட்டம் உயர்வதற்குத் தேனெடுக்கும் ஏழையின் பேராசை காரணமன்று. 'இன்றைய தோனா யார்?' என்று வகுப்பறையில் கேட்டுப் பார்க்கலாம். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துப் படகை நிரப்பிக்கொள்வோர் தொலைவில் வாழ்கின்றனர். கரையில் விடப்படுபவன் அன்று போலவே துக்கேதான். நகரத்துப் பள்ளியில் இக்கேள்வி சற்றுச் சங்கடம் தரும். தரட்டும்.

நவீன இலக்கியம் பருவநிலை மாற்றத்தைக் காணத் தவறியது ஏன் என்று 2016இல் நூலொன்றில் வினவிய அமிதவ் கோஷ், 2021இல் இக்கதையையே 'ஜங்கிள் நாமா' என்ற பெயரில் ஆங்கிலச் செய்யுளாக்கினார்.

அச்சமூட்டும் பாடங்கள் பிள்ளைகளைச் சோர்வில் தள்ளிவிடுகின்றன. துக்கேயின் தாய் மகனிடம் ஆபத்தை மட்டும் சொல்லவில்லை. ஆபத்து வந்தால் செய்ய வேண்டியதையும் சொன்னாள். இன்றைய துக்கேக்களுக்குச் சொல்லவும் செய்திகள் உண்டு: புயல் காப்பகத்துக்கு எந்த வழியே செல்வது, எந்தக் கரை வலுவிழந்துள்ளது, நீர் வடிந்த சேற்றில் அலையாத்திக் கன்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது.