இசையரங்கிலே கைக்கமரா

இசையைச் செவி நுகரும். இசைவாணர் முகத்தைக் கண் நுகரும். அம்முகத்தைப் படமாக்க விரும்பிச் சட்டைப்பையில் அடங்கும் சிறு கமராவோடு அரங்கிற்குச் சென்று, கலங்கிய படங்களோடு மீள்வோர் பலர். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

மங்கிய ஒளியிற் படம்பிடிக்கும் முயற்சி புதிதன்று. 1924ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த எர்மனொக்ஸ் என்னும் சிறு கமரா, குவியத்தூரத்தின் அரைப்பங்கு விட்டமுடைய வாயிலைக் கொண்ட வில்லையாற் புகழ்பெற்றது. எரிக் சலமன் என்பார் அதனைக்கொண்டு, வெட்டொளியின்றியே இராசதந்திரிகளின் மாநாடுகளைப் படம்பிடித்தார்.

இன்றைய கைக்கமராவின் குறை அதன் உணர்தகட்டின் சிறுமையே. 36க்கு 24 மில்லிமீற்றர் அளவான தகட்டின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். சாதாரண கைக்கமராவின் தகடோ ஏறத்தாழ 28 மாத்திரமே. வாயில் விகிதமும் நேரமும் ஒன்றாயினும் அதிற் சேரும் ஒளி முப்பதிலொரு பங்காகும். மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றுவது இதனாலேயாம். 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் தகடு பெரிது. ஆயினும் தூரக்காட்சிக்கு வில்லையை நீட்டினால் வாயில் விகிதம் 1.8இலிருந்து 4.9 ஆகி, ஒளி ஏழிலொரு பங்காகக் குறையும். ஆகவே வில்லையை நீட்டற்க, முன்வரிசையில் இடந்தேடுக.

வெட்டொளி பயன்படாது. மூன்று மீற்றரில் விழும் ஒளியின் பதினாறிலொரு பங்கே பன்னிரண்டு மீற்றரில் விழும். வித்துவானின் கண்ணைக் கூசச்செய்வதன்றி அதனால் ஆவதொன்றில்லை. பின்னாலிருக்கும் கருந்திரையும் கமராவை ஏமாற்றும். அது இருளை ஈடுசெய்ய முனைந்து பாடகர் முகத்தை வெண்சுண்ணமாக்கிவிடும். ஒளியளவை ஒருபடி குறைத்தலே பரிகாரம்.

இனி, அசைவு. இங்கேதான் இசையறிவு உதவுகின்றது. மேலெறிந்த கல் உச்சியிற் கணநேரம் நிற்பதுபோல, மிருதங்கம் வாசிப்போர் கையும் உயர்ந்தவிடத்தில் நிற்கும். வயலின் வில் திசைமாறும் கணத்தில் ஓயும். பாடகர் கார்வையில் நிலைக்கும். தாளத்தை மனத்துட் போட்டு, விசையை முன்னரே பாதி அழுத்திக் காத்திருப்போனுக்கு அறுபதிலொரு செக்கன்கூடப் போதும். தாளமறியாதோன் நூறு படமெடுத்தும் பயனில்லை. பின்திரையின் வெளிச்சத்தை அணைத்துவிடுதல், பின்னிருந்து கேட்பார்க்கு நாம் செய்யவேண்டிய மரியாதை.

சில ஆண்டுகளுக்கு முன், கோயிற்றிருவிழா ஒன்றில் முதிய தவில் வித்துவான் ஒருவரை இவ்வாறு எடுத்தேன். இருபதுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றே தேறியது. மறுவருடம் அவர் காலமானார். வீட்டார் படம் கேட்டு வந்தபோது கொடுப்பதற்கு அதுவே இருந்தது. அதிற் கோலேந்திய கை தெளிவாயிருக்கின்றது. கூடணிந்த விரல்கள் புகைபோற் கலங்கியுள்ளன. அவருடைய மகன் அந்தக் கலங்கிய விரல்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.