மலையிறங்கித் தேடும் மருந்து

கேமரன் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்க, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குச் செல்லும் பழைய பாதை ஒன்றும், சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குச் செல்லும் புதிய பாதை ஒன்றும் உண்டு. 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டுத் தேயிலைக் கொழுந்தை நம்பி வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத, மூன்று வயதாகியும் வாய் திறவாத பிள்ளையைப் பெற்ற ஒருத்திக்கு, "ஆட்டிசமாக இருக்கலாம், ஈப்போவில் காட்டுங்கள்" என்று தானா ராத்தாவில் எழுதிக் கொடுக்கப்படும் நாள்முதல், இவ்விரு பாதைகளின் வளைவுகளும் மனப்பாடமாகத் தொடங்குகின்றன.

அந்தக் காகிதத்தின் பின்னாலேயே யோசனைகளும் வருகின்றன. "பொறு தாயி, இவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்று மாமியார் சமாதானம் கூறுவாள். பிரிஞ்சாங் முருகனுக்குக் காவடி நேர்ந்துகொள்வார்கள். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் பேச்சு வருமென்று கைபேசியில் ஒருவர் விளக்க, ஸ்டெம் செல் செலுத்திக் குணமாக்குவதாக மற்றொருவர் விலை கூறுவார். வைத்தியர்களோ, ஆட்டிசத்தை அடியோடு மாற்றும் ஔஷதம் இல்லை என்ற உண்மையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதன்பின் அவள் காதில் விழுவது வியாபாரியின் குரலே.

இத்தகைய பெற்றோரை அறியாதவர் என்று எள்ளுவோர், படித்தவர் மிகுந்த அமெரிக்காவில் நடந்த செக்ரெடின் விவகாரத்தைக் கேட்டல் நலம். 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்த அப்பொருள், சிறுகுடலில் ஊறி, கணையத்தை ஏவி, இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தைத் தணிக்கும் நீரைச் சுரக்கச் செய்வது. மூளைக்கும் அதற்கும் உறவு உண்டென்று எவரும் பெரிதாக எண்ணியதில்லை. வயிற்றுப் பரிசோதனையின்போது அதனை ஊசிவழிப் பெற்ற மூன்று ஆட்டிசக் குழந்தைகள் பின்னர்க் கண்ணோடு கண் நோக்கினர், பேசவும் முற்பட்டனர் என்று 1998-இல் ஓர் அறிக்கை வெளிவர, பெற்றோர் கூட்டம் அதற்காக அலைமோதிற்று. மறு ஆண்டே சாண்ட்லர் என்ற வைத்தியரின் குழுவினர், பாதிப் பிள்ளைகளுக்குச் செக்ரெடினும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்தி, எதை யார் பெற்றார் என்பதைப் பெற்றோரும் மதிப்பிடுவோரும் அறியாதவாறு மறைத்து ஆராய்ந்தனர். கடைசிவரை இருந்த 56 பேரில் இரு பிரிவினரும் ஒருங்கே தேறியிருந்தனர். மருந்துக்கென்று தனிச் சிறப்பு ஏதும் காணப்படவில்லை. முடிவைத் தெரிவித்த பிறகும் பெற்றோரில் 69 சதவீதத்தினர் அம்மருந்தில் நாட்டம் உள்ளதாகவே கூறினர் என்பதுதான் அந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் நிறுத்திய செய்தி.

உப்புநீர் பெற்ற பிள்ளைகளும் தேறியதாகப் பெற்றோர் கண்டது பொய்யன்று. ஆட்டிசமுள்ள குழந்தையும் வளர்கிற குழந்தையே. பல மாதங்கள் ஒரே நிலையில் நின்று, திடீரென்று நாலு வார்த்தை பேசும். தேயிலைச் செடி தன் கணக்குப்படி துளிர்க்கையில், முதல்நாள் உரம் போட்டவன் பெருமை கொள்வதுபோல, அவ்வேளையில் எந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததோ அதற்கே புகழ் சேர்கிறது. அன்றியும், பிள்ளையின் நிலை மிக மோசமாக இருக்கும்போதுதான் புதிய வைத்தியத்தை நாடுகிறோம். அதற்கடுத்த மாதம் இயல்பாகவே சற்று மேலாகத்தான் இருக்கும். ஆகவேதான் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத பிள்ளைகளும் வேண்டியிருக்கிறது.

வீண்செலவோடு போனால்கூடப் பாதகமில்லை. உடலிலுள்ள உலோக நஞ்சை நீக்குவதாகச் சொல்லி ஏற்றப்பட்ட மருந்து, இரத்தத்துச் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி இருதயத்தை நிறுத்தியதால், 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். ஸ்டெம் செல் அடங்கிய தொப்புள்கொடி இரத்தத்தை டியூக் பல்கலைக்கழகத்தார் 180 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவிலும், பழகுந் திறனில் எதிர்பார்த்த முன்னேற்றம் தென்படவில்லை. ஸ்டெம் செல்லுக்கு வீட்டை அடகு வைக்க நினைப்போர் இதை அறியவேண்டும். ஈப்போவில் மெய்யாகவே செய்யத்தக்க காரியங்கள் வேறு: செவிப்புலனைச் சோதித்தல், வலிப்பு இருந்தால் அதற்கு மருந்து, உறக்கமின்மைக்குப் பரிகாரம், கட்டுக்கடங்காத ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து. இவை ஆட்டிசத்தை மாற்றுவதில்லை. பிள்ளையின் தொல்லையைக் குறைக்கின்றன.

ஒரு காலத்தில் தாயையே நோயின் காரணமாக்கியவர்களும் இருந்தார்கள். அன்பற்ற வளர்ப்பே ஆட்டிசத்தை விளைவிக்கிறது என்று பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டிச மகனைப் பெற்ற மனோதத்துவ அறிஞர் ரிம்லாண்ட் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே இது உடற்கூற்றில் தோன்றுவது என்று வாதிட்டிருந்தார். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 1977-இல் வெளியிட்ட கட்டுரை பரம்பரையின் பங்கைக் காட்டியது. "நீ ஒழுங்காப் பார்க்கல" என்ற பழி மட்டும் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

காரணம் தாயன்று, ஆயினும் உதவி அவள்வழியாக வரக்கூடும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஜோனதன் கிரீன் குழுவினர் பிரிட்டனில் வகுத்த முறையை, நிபுணர் அல்லாத உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களே பெற்றோருக்குக் கற்பித்தனர். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாயோடு அமர்ந்து பார்ப்பதே அதன் சாரம். உதாரணமாக, சிமெண்டுத் தரையில் பால்டின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் மகனிடமிருந்து அதைப் பிடுங்கி, "இங்க பாரு, அம்மா சொல்லு" என்று முகத்தைத் திருப்பும் தாய், மூடி விழுந்த கணத்தில் அவன் தன்னை அரைநொடி ஏறிட்டதைப் படத்தில் காண்கிறாள். மறுமுறை அவன் எதிரே தரையில் அமர்ந்து, சுழலும்போது "சுத்துது" என்றும், விழுந்தால் "விழுந்துருச்சு" என்றும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். இவ்வாறு பழகியோரின் பிள்ளைகள், தாமாகவே பெற்றோரிடம் ஒன்றைத் தெரிவிக்க முற்படுவது குறிப்பிடத்தக்க அளவு கூடிற்று. இருவரும் ஒரே பொருளில் ஒருங்கே மனம் வைத்த நேரமோ குறைந்திருந்தது. பலன் மிதமானதுதான், ஆனால் ஒப்பிட்டு அளந்து கண்ட பலன்.

இம்முறையைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் நடத்தலாகாதா என்று எண்ணிப் பார்க்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையங்கள் என்ற ஏற்பாட்டை மலேசிய அரசாங்கம் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட் கிராமத்தில் தொடங்கி நாடெங்கும் பரப்பியிருக்கிறது. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரும், படம்பிடிக்கக் கைபேசி ஒன்றும் கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம். ஊழியருக்குத் தமிழ் தெரிந்திருப்பது அவசியம். பிள்ளைக்குக் குழப்பம் வரும், வீட்டில் தமிழை விட்டு மலாயோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள் என்று சொல்லியனுப்புவோர் இன்றும் உண்டு. அவ்விரண்டிலும் சரளமில்லாத தாய் அதைக் கேட்டுப் பிள்ளையிடம் பேச்சையே குறைத்துவிடுகிறாள். கனடாவில் 75 ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை, இருமொழி கேட்டு வளர்ந்தோருக்கு அதனால் மொழி மேலும் பின்தங்கவில்லை என்றே கண்டது. அடுத்தமுறை அந்த யோசனையைச் சொல்பவரிடம் அவள், "எந்த ஆராய்ச்சியிலங்க அப்படிப் போட்டிருக்கு?" என்று மரியாதையாகவே கேட்கலாம்.