கதையை அனுப்புவதற்கு முன்
தொண்டர்கள் நடத்தும் இணையத்தளங்களுக்கு ஆக்கம் தயாரிப்பது பற்றிச் சில குறிப்புகள்

சம்பளம் வாங்காத சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறுகதைத் தளத்தில், வரும் ஆக்கங்களை வாசித்துத் திருத்தும் பொறுப்பைச் சில வருடங்கள் நான் செய்தேன். அந்தக் காலத்தில் வந்த ஒரு கதை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அனுப்பியவர் மன்னாரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. கொப்பியில் எழுதிய பக்கங்களைப் போனில் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மொத்தம் பதினான்கு படங்கள். பக்க இலக்கம் கிடையாது. ஒரு பக்கம் இரண்டு தடவை வந்திருந்தது, ஒரு பக்கம் வரவே இல்லை. தோணி கரையை விட்டு வெளிக்கிடும் இடத்தில் ஒரு படம் முடிகிறது. அடுத்த படத்தில் எல்லோரும் கற்பிட்டியில் இறங்கி நிற்கிறார்கள். நடுவில் கடலில் என்ன நடந்தது என்பதுதான் கதை. அந்தப் பக்கம் இல்லை.

கேட்டபோது, "தம்பி, அந்தக் கொப்பி இப்ப என்ட கையில இல்ல. ஒருத்தர் வாசிக்க எண்டு வாங்கிட்டுப் போனவர். ஆறுதலா ஞாபகப்படுத்தி எழுதித் தாறன்" என்றார். எழுதித் தர அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் வபாத்தாகிவிட்டார். கொப்பியும் கிடைக்கவில்லை. கதை இன்னும் வெளிவராமலே இருக்கிறது.

பிழை அவருடையது மட்டுமல்ல. எப்படி அனுப்ப வேண்டும் என்று நாங்களும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்டர் என்பவர் யார்?

தமிழில் இணையத்தில் இருக்கும் நல்ல காரியங்களில் பெரும்பங்கு தொண்டர்கள் செய்தவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கிப் பாதுகாத்து வருகிறது. கதைத் தளங்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன. உங்கள் கதையை வாசிப்பவர் பகலில் பாடசாலையிலோ கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்பவர். இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தை எழுத்துருவைச் சரிசெய்வதில் செலவழிக்க வைப்பதா, கதையை வாசிக்க விடுவதா என்பது எங்கள் கையில் இருக்கிறது. அடுத்தவரின் நேரமும் ஒரு அமானிதம்தானே.

பாமினியா, யுனிகோடா?

நம் நாட்டில் இன்னும் பலர் 'கொமியூனிகேஷன்' கடையில் கொடுத்து டைப் செய்விக்கிறார்கள். அங்கே அநேகமாகப் பாமினி எழுத்துருதான். பாமினியில் பிரச்சினை என்ன? அது உண்மையில் தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. 'உம்மா' என்று பாமினியில் அடித்தால் கணினிக்குள் இருப்பது சீ, கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத போனிலோ கணினியிலோ திறந்தால் உம்மா காணாமல் போய், இந்தக் கோலம்தான் தெரியும். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றோடு சேரும் குறிகளுக்கும் தமிழுக்கே உரிய இலக்கங்கள் உண்டு. அதனால் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும்.

ஆகவே அனுப்புவது யுனிகோடாக இருக்கட்டும். பாமினியில் இருப்பதை மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால், மாற்றியதை வாசிக்காமல் அனுப்பாதீர்கள். குறிப்பாக நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கிரந்த எழுத்துகள். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை பாமினியில் குறியீட்டு விசைகளில் இருப்பதால் மாற்றும்போது சிதைய இடமுண்டு. நம் பெயர்களில் பாதி இந்த எழுத்துகளில்தான் நிற்கின்றன. ஹமீது, ஜெமீலா, நஸ்ரின், ஆயிஷா என்று ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, 'மௌ' என்ற எழுத்து. மௌலவி, மௌத்து, மௌலூது என்று எழுதும்போது பலர் 'மெ' அடித்து அதற்குப் பக்கத்தில் 'ள' போடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அது வேறு சொல். நாளைக்கு ஒருவர் 'மௌலவி' என்று தேடினால் உங்கள் கதை அகப்படாது.

மூன்றாவது, 'ர'வும் காலும். 'வாப்பா' என்பதில் காலுக்குப் பதிலாக 'ர' விழுந்தால் 'வரப்பர' ஆகிவிடும். அவசரத்தில் வாசிக்கும்போது கண் ஏமாந்துவிடும்.

நான்காவது, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். முழுப் பந்தியையும் ஒன்றாக மாற்றும்போது, ஆங்கிலத்தில் இருந்தவையும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிடும்.

கோப்பும் கடிதமும்

திருத்தக்கூடிய வேர்ட் கோப்பாக அனுப்புவது நல்லது. பீடிஎஃப் பார்க்க அழகு, ஆனால் அதிலிருந்து தமிழை வெட்டி எடுத்தால் எழுத்துகள் இடம் மாறி வரலாம். கையெழுத்துப் பிரதியைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் '1/14, 2/14' என்று இலக்கமிட்டுப் படமெடுங்கள். அனுப்பிய பிறகு எத்தனை பக்கங்கள் போனது என்றும் எழுதுங்கள். அந்த ஆசிரியரின் கதைக்கு இது மட்டும் போதுமாயிருந்தது.

கோப்புக்கு 'கதை' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அதே பெயரில் இருபது கோப்புகள் கிடக்கும். கதையின் தலைப்பும் உங்கள் பெயரும் இருக்கட்டும். விதவிதமான எழுத்துரு, நிறம், பூக்கரை ஒன்றும் தேவையில்லை. பந்திகளுக்கு இடையில் ஒரு வரி இடைவெளி, காட்சி மாறும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போதும்.

மின்னஞ்சலில் நான்கைந்து வரிகள் எழுதுங்கள். கதையின் தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, இயற்பெயர், எந்தப் பெயரில் வெளிவர வேண்டும், தொடர்புகொள்ள ஒரு வழி. கதை முன்பு எங்காவது வெளிவந்ததா, போட்டிக்கு அனுப்பியதா, இப்போது வேறு இடத்தில் பரிசீலனையில் இருக்கிறதா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்னர் தளத்தின் விதிமுறைகளை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். சில தளங்கள் மறுபிரசுரம் ஏற்பதில்லை, சிலவற்றுக்குச் சொல் எல்லை உண்டு.

நம் சொற்களை யார் காப்பாற்றுவது?

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயம். திருத்துபவர் தமிழகத்திலோ கனடாவிலோ இருக்கலாம். நம் பேச்சு அவருக்குப் பரிச்சயமில்லாமல் இருக்கலாம். தமிழகத்தில் பலருக்கு 'உம்மா' என்றால் முத்தம். "உம்மா வாசலில் நின்றிருந்தாள்" என்ற வரியைக் கண்டு அவர் தடுமாறினால் குற்றம் சொல்ல முடியாது. கிழக்கின் 'இரிக்கி'யும் தெற்கின் 'ஈக்கி'யும் அவருக்கு எழுத்துப்பிழையாகத் தெரியும். நல்லெண்ணத்தோடு 'இருக்கிறது' என்று மாற்றிவிடுவார். கதையில் பேசிய கிழவி அந்த இடத்தில் பாடப்புத்தகம் பேசத் தொடங்கிவிடுவாள்.

அதைத் தடுக்கும் வழி எளிது. கதையின் முடிவில் தனியாக ஒரு சிறு குறிப்பு வையுங்கள். "உரையாடல்கள் இந்த ஊரின் பேச்சு வழக்கில் உள்ளன, மாற்ற வேண்டாம்" என்று ஒரு வரி. பிறகு லாத்தா, சந்தூக்கு, ஹத்தம், கந்தூரி போன்ற சொற்களுக்கு ஒரு வரிப் பொருள். கதைக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டு விளக்கினால் வாசிப்பு தடைப்படும், அது வேண்டாம்.

ஆனால் நாங்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் ரமழான், மூன்றாம் பக்கத்தில் ரமலான், ஐந்தாம் பக்கத்தில் ரமளான் என்று எழுதினால் எது வழக்கு, எது பிழை என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றைத் தெரிவு செய்து கடைசி வரை அதையே எழுதுங்கள்.

அறிஞர் சித்திலெவ்வை 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக அது கொள்ளப்படுகிறது. இந்த நாட்டில் தமிழ்ப் புனைகதையின் வாசலிலேயே நம் பெயர்கள் நிற்கின்றன. அந்தப் பெயர்களும் சொற்களும் கணினித் திரையில் சிதையாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

உரிமை

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. அவரது ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் அது நீடிக்கும். ஒரு தளத்துக்குக் கதை கொடுத்தால் உரிமை போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சில தொண்டர் முயற்சிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகின்றன. 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் அப்படியானது. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், மற்றவர்கள் நீங்கள் சம்மதித்த நிபந்தனைப்படி இலவசமாகப் பகிரலாம். ஒருமுறை கொடுத்த அந்த அனுமதியைப் பிறகு திரும்பப் பெற முடியாது. அதனால் யோசித்துக் கொடுங்கள். பின்னால் கதையைப் புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால், வணிக நோக்கில் பிறர் பயன்படுத்தக் கூடாது என்ற வகையைத் தெரிவு செய்யலாம்.

அனுப்பிய பிறகு

அடுத்த நாளே "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டாம். தளம் சொன்ன காலம் கழிந்ததும் ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறில்லை. இதற்கிடையில் வேறு இடத்தில் கதை ஏற்கப்பட்டால் உடனே அறிவித்துவிடுங்கள். திருத்தம் கேட்டு வந்தால் கோபப்படாமல் ஒருநாள் வைத்துவிட்டு வாசியுங்கள். ஏற்பதை ஏற்று, ஏற்க முடியாததற்குக் காரணம் எழுதுங்கள். "அப்பிடியே போடுங்க, இல்லாட்டி விடுங்க" என்று பதில் எழுதிய நல்ல எழுத்தாளர்கள் சிலரின் கதைகள் அப்படியே விடுபட்டுப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, பிரதி. கொப்பி ஒன்று வீட்டில், போட்டோகொப்பி ஒன்று பிள்ளையின் வீட்டில், கோப்பு ஒன்று உங்கள் மின்னஞ்சலில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். மூலப் பிரதியை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். வாசிக்கக் கேட்டால் போட்டோகொப்பியைக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் எழுதிய கொப்பிகளோடு வயதானவர்கள் இருந்தால், வார விடுமுறையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். பக்கங்களை எண்ணி இலக்கமிடுங்கள். ஒரு பக்கமாவது குறைந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.