மெமரி போட்டால் மட்டும் போதுமா?

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. எங்கள் புடவைக் கடையில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து பில் போடும் சேர்வர் பத்துப் பதினைந்து செக்கன் அப்படியே நின்றுவிடும். பிறகு தானாக ஓடும். மறுபடியும் நிற்கும். காத்திருந்து சலித்த சிலர் எடுத்த துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மென்பொருள் தந்தவர்கள், மெமரி போதாது என்றார்கள். டொலர் ஏறியிருந்த காலம். இருந்தும் 4 ஜீபியை 16 ஜீபி ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

கணனித் துறையில் வேலை செய்யும் என் மருமகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாமா, ஸ்டோரைப் பெருசாக் கட்டிட்டு, சாமான் வைக்க ஒரு ராக்கையை மட்டும் கொடுத்திருக்கிறீங்க" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா தனக்கென ஒதுக்கிய மெமரிக்குள் மட்டுமே தன் சாமான்களை வைக்கும். அதற்கு 'ஹீப்' என்று பெயர். அதன் உச்ச அளவை 'எக்ஸ்எம்எக்ஸ்' என்ற கட்டளை தீர்மானிக்கிறது. எதுவும் எழுதாவிட்டால் பொதுவாக கணனி மெமரியில் நாலில் ஒரு பங்கு. எங்களுடையதில் யாரோ முன்பு 1 ஜீபி என்று எழுதி வைத்திருந்தார்கள். 16 ஜீபி போட்டும் அந்த வரி மாறவில்லை.

ஹீப் நிறைந்தால் வேண்டாதவற்றைக் கூட்டி அள்ளும் வேலை தொடங்கும். முழுதாகக் கூட்டும்போது மற்ற வேலையெல்லாம் நிற்கும். இடம் சிறிதென்றால் கூட்டி முடிந்த கையோடு மறுபடி கூட்ட வேண்டிவரும். எங்கள் கெஷியர் காத்திருந்தது இதற்காகத்தான்.

நான் அவசரப்பட்டு, "அப்படியானால் 14 ஜீபியையும் கொடு" என்றேன். செய்து பார்த்தோம். இன்னும் மோசம்! அதே கணனியில் இருந்த தரவுத்தளத்துக்கு இடமில்லாமல் போய், மெமரியில் இருக்க வேண்டியது ஹாட் டிஸ்க்குக்குப் போய் வந்தது.

பிறகுதான் மருமகன் கூட்டும் வேலையின் பதிவை ஓடவிட்டு அளந்தார். முழுதாகக் கூட்டிய பிறகும் மிஞ்சியிருந்தது சுமார் 900 எம்பி. அதன் மூன்று மடங்குக்குச் சற்று மேலாக 3 ஜீபி கொடுத்தார். இடையில் கூட்டிக் குறைக்காமல் இருக்க ஆரம்ப அளவையும் அதே 3 ஜீபி ஆக்கினார். பெருநாள் இரவில் பில் ஒருமுறையும் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்று. ஜாவாவில் 'கிளையன்ட்', 'சேர்வர்' என்று இரண்டு முறைகள் இருந்தன. முதலாவது சீக்கிரம் தொடங்கும்; இரண்டாவது நீண்ட நேரம் ஓடும் வேலைக்கானது, அடிக்கடி வரும் வேலையைக் கவனித்து வேகப்படுத்தும். 64 பிட் கணனியில் சேர்வர் முறை தானாகவே வரும். காலையில் சேர்வரைத் தொடங்கியதும் முதல் சில நிமிடங்கள் மந்தமாக இருப்பது பழுதல்ல.

ஆகவே சகோதரர்களே, புதிய மெஷினுக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஜாவாவுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கியிருக்கிறீர்கள்? கூட்டும் வேலைக்கு எத்தனை செக்கன் போகிறது? அதே கணனியில் வேறு என்ன ஓடுகிறது? பதில் எண்ணில் வராவிட்டால் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் துணி கிழிக்காத நாம், இதில் மட்டும் ஏன் அளக்காமல் வாங்க வேண்டும்?