சுவர் சரிந்தால் உடனே அள்ளிப் போடாதீர்கள்

மூன்று நாளாகச் சிறுமலை கண்ணில் படவில்லை. மேற்கே கொடைக்கானல் மலையும் மேகத்துக்குள் போய்விட்டது. ஊருக்குப் பேர் கொடுத்த திண்டுப் பாறை மட்டும் கறுத்து நனைந்து கிடக்கிறது. நசநசவென்று தூறல், இடையிடையே ஒரு பாட்டம் மழை, ராத்திரியில் வாடைக்காற்று. கொடியில் போட்ட துணி காயவில்லை. ஆனாலும் திண்டுக்கல்லில் யாரும் இதைக் குறையாகப் பேசமாட்டார்கள். ஆத்தூர் அணையில் தண்ணீர் ஏறியதா என்று விசாரித்தே வளர்ந்த ஊர் இது. மழையைத் திட்டினால் அடுத்த வருஷம் வராது என்று நம்பும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தக் கூச்சம்தான் நமக்கு நட்டம். வறட்சிக்கு மனுக் கொடுக்கத் தெரிந்த நாம், மழையில் வீடு சரிந்தால் "வருண பகவான் செயல்" என்று மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டுவிடுகிறோம். பிறகு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்து பார்க்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இடிந்த இடத்தை நாலு பக்கமும் கைபேசியில் படம் எடுங்கள், வீட்டு எண் தெரிகிற மாதிரி. அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் வருவாய்த் துறைதான் இதற்குப் பொறுப்பு. மீதிச் சுவர் ஆள்மேல் விழும் என்ற பயம் இருந்தால் மட்டும் படம் எடுத்த கையோடு அகற்றிக்கொள்ளலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; மாநில அறைக்கு 1070.

கிடைப்பது பிச்சைக் காசல்ல, கணக்குப் போட்டு வைத்த தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக 2022 முதல் 2026 வரைக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். ஓரளவு இடிந்தால் உறுதியான வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. வீட்டோடு சேர்ந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000. கறவைமாடு செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. உயிரிழப்புக்கு 4 லட்சம். மாநில அரசு சில சமயம் கூட்டியும் அறிவிக்கும். செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். கொல்லையில் சாய்ந்த நாலு முருங்கைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அதற்கு மனத்தைத் தேற்றிக்கொள்வதுதான் வழி. பயிர்க் காப்பீடு செய்தவர்களின் கதை வேறு: அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும்.

நம் சுவரைவிடப் பக்கத்து வீட்டுச் சுவர்தான் பல சமயம் ஆபத்து. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள்மேல் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, அடிக்கல் அரித்துத் தெரிந்தாலோ, விரிசலில் விரல் நுழைந்தாலோ அந்தப் பக்கம் கட்டிலைப் போடாதீர்கள். "பக்கத்து வீட்டுக்காரரோடு எதற்குப் பொல்லாப்பு" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். இடியும் நிலையில் உள்ள கட்டடத்தையும் சாயும் நிலையில் உள்ள மரத்தையும் அகற்றவோ பழுதுபார்க்கவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இந்த வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது; 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். ஆனால் சுவர் திங்கள்வரை காத்திருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். நம் ஊர்ப்பக்கம் துணி காயப்போட இரும்புக் கம்பியைத்தான் கட்டுகிறார்கள், அதிலும் ஒரு முனையைச் சர்வீஸ் வயர் வரும் குழாயில். வயரின் உறை கிழிந்திருந்தால் மழை நாளில் அந்தக் குழாய், கம்பி, ஈரத் துணி, துணியைத் தொடும் கை என்று மின்சாரம் வரிசையாக வந்துவிடும். நைலான் கயிறு கட்டினால் தீர்ந்தது. கசிவு கண்டதும் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற கருவி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். பலர் வீட்டில் அது பெட்டிக்குள் அலங்காரமாகவே இருக்கிறது.

2018 நவம்பர் 16 வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்மாவட்டங்கள் வழியாக மேற்கே போனபோது திண்டுக்கல் மாவட்டத்திலும் மரங்கள் சாய்ந்தன. மரம் சாய்ந்தால் மின்கம்பியும் அறும்; அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்குமேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். விபத்தே நேர்ந்தால் இழப்பீடும் கேட்கலாம். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பிமேல் சைக்கிளை ஓட்டிவிட்ட தொழிலாளி ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் இறந்தார். வேறு யாரோ கரண்ட் திருடியதால் நேர்ந்தது என்றது மின்வாரியம். கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் வாரியம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது.

தோட்டத்துக்கு வருவோம். மழை வாரத்தில் எலி வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலியும் வெளியே வரும், அதைத் தேடுகிற பாம்பும் வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கடித்தால் வலியும் வீக்கமும் தெரியும். கட்டுவிரியன் அப்படியல்ல, ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை தொங்கல், விழுங்க முடியாமை. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியார் மருத்துவமனையானாலும் உயிருக்கு ஆபத்தோடு வந்தவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் பர்மானந்த் கட்டாரா வழக்குத் தீர்ப்பு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆகவே கடிபட்டது மருத்துவமனைப் பதிவில் ஏறியதா என்று கேளுங்கள். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிக்கத் தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடலாம்.

பாம்புக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் உண்ணிக் காய்ச்சலுக்குப் பயப்படுவதில்லை. கொல்லைப் புதரிலும் ஈரப் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது இது. மழை முடிந்து குளிர் இறங்கும் மாதங்களில் கூடும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி போன்ற மறைவிடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நாம் சொல்லமாட்டோம், கூச்சத்தால் காட்டவும் மாட்டோம். காட்டிவிட்டால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். களை எடுத்தவர்கள் அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிட வேண்டும். புல்மேல் துணி காயப்போடக் கூடாது.

குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி நெருப்பைக் கட்டிலுக்கடியில் வைக்கவே கூடாது. கொடைக்கானல் விடுதி அறைகளில் அப்படி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போட்டால் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

கடைசியாக, தண்ணீர்த் தொட்டி. குழாயில் எப்போது வரும் என்ற கவலையில் டிரம், குடம், சிமெண்டுத் தொட்டி என்று நிறைத்து வைப்பது நம் ஊர் வழக்கம். டெங்கு கொசு தேடுவதும் இந்த நல்ல தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். வெயில் எட்டிப் பார்க்கிற முதல் நாள் தேங்காய் நாரை எடுத்து, டிரம்மின் உள்பக்கத்தை மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.