செமிஃபைனல் ‘கன்ஃபார்ம் டிப்ஸ்’ நம்பலாமா? மகளிர் டென்னிஸில் 16 மேட்ச் சொல்லும் கணக்கு

“தம்பி, நீங்க நியூஸ் சேனல்லதானே இருக்கீங்க... லேடீஸ் டென்னிஸ் செமிஃபைனல்ல யாருங்க ஜெயிப்பாங்க?”

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை இரவு. பொங்கலூரில் ஒரு டீக்கடை. கேட்டவர் பக்கத்து வீட்டு அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் டெய்லர். அவர் டென்னிஸ் பார்த்து நான் பார்த்ததே இல்லை. போனை நீட்டினார். டெலிகிராமில் ஒரு மெசேஜ்: ‘யுஎஸ் ஓபன் செமிஃபைனல், 100% கன்ஃபார்ம் டிப்ஸ்’.

டென்னிஸ் பார்க்காதவருக்கு எதற்கு டென்னிஸ் டிப்ஸ்? காரணம் காலண்டரில் இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் தொடர்களில் மகளிர் அரையிறுதி பெரும்பாலும் வியாழக்கிழமை நடக்கும். இறுதிப்போட்டி சனிக்கிழமை. திருப்பூர் பக்கம் வாரச் சம்பளம் கைக்கு வருவதும் அதே சனிக்கிழமைதான்.

சரி, அரையிறுதியில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். எந்த அளவுக்கு? கடைசியில் அது யாருக்கு லாபம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு எளிய டெஸ்ட்

கிராண்ட்ஸ்லாமில் 128 வீராங்கனைகள் ஆடுவார்கள். தரவரிசைப்படி முன்னணியில் இருக்கும் 32 பேருக்கு மட்டும் வரிசை எண் கொடுப்பார்கள். இதுதான் சீடிங். அரையிறுதிக்கு வர 5 மேட்ச் ஜெயிக்க வேண்டும்.

நம்முடைய ரூல் ஒன்றே ஒன்றுதான்: சீடிங்கில் யார் மேலே இருக்கிறாரோ, அவர்தான் ஜெயிப்பார். சீடிங் இல்லாதவருடன் மோதினால், சீடிங் உள்ளவர். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

2024, 2025 என இரண்டு ஆண்டுகளில் நடந்த 8 கிராண்ட்ஸ்லாம்களில் மொத்தம் 16 மகளிர் அரையிறுதிகள். ரிசல்ட் இதோ:

2024
- ஆஸ்திரேலிய ஓபன்: சபலென்கா, காஃபை வென்றார். ஜெங் சின்வென், யாஸ்ட்ரெம்ஸ்காவை வென்றார். இரண்டும் சரி.
- பிரெஞ்சு ஓபன்: ஸ்வியாடெக், காஃபை வென்றார். பாவோலினி, மிர்ரா ஆண்ட்ரீவாவை வென்றார். இரண்டும் சரி.
- விம்பிள்டன்: பாவோலினி, வெக்கிச்சை வென்றார், சரி. கிரெஜ்சிகோவா, ரிபாகினாவை வென்றார், தப்பு.
- யுஎஸ் ஓபன்: சபலென்கா, நவாரோவை வென்றார். பெகுலா, முச்சோவாவை வென்றார். இரண்டும் சரி.

2025
- ஆஸ்திரேலிய ஓபன்: சபலென்கா, படோசாவை வென்றார், சரி. மேடிசன் கீஸ், ஸ்வியாடெக்கை வென்றார், தப்பு.
- பிரெஞ்சு ஓபன்: சபலென்கா, ஸ்வியாடெக்கை வென்றார். காஃப், புவாசோனை வென்றார். இரண்டும் சரி.
- விம்பிள்டன்: ஸ்வியாடெக், பென்சிச்சை வென்றார், சரி. அனிசிமோவா, சபலென்காவை வென்றார், தப்பு.
- யுஎஸ் ஓபன்: சபலென்கா, பெகுலாவை வென்றார். அனிசிமோவா, ஒசாகாவை வென்றார். இரண்டும் சரி.

16-க்கு 13 சரி. கிட்டத்தட்ட 81 சதவீதம். டென்னிஸே தெரியாமல், ஒரு நம்பரை மட்டும் பார்த்து எடுத்த மார்க் இது. ஆக, ‘நான் சொன்னது 80 சதவீதம் பலிக்கும்’ என்று ஒருவர் பெருமை பேசினால், அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

அந்த 3 மேட்சில் என்ன நடந்தது?

2024 விம்பிள்டனில் ரிபாகினா 4-வது சீட், கிரெஜ்சிகோவா 31-வது சீட். பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் அதற்கு முன் இருவரும் மோதிய 2 மேட்சிலும் ஜெயித்தவர் கிரெஜ்சிகோவா. அன்றும் முதல் செட்டை இழந்து, 3-6, 6-3, 6-4 என்று திருப்பினார். பட்டமும் அவருக்கே போனது.

2025 விம்பிள்டனிலும் அதே கதை. சபலென்கா உலகின் நம்பர் 1. அனிசிமோவா 13-வது சீட். ஆனால் நேருக்கு நேர் கணக்கில் அனிசிமோவா 5-3 என்று முன்னால் இருந்தார். 6-4, 4-6, 6-4 என ஜெயித்தார்.

இந்த இரண்டிலும், பழைய கணக்கைப் புரட்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

மூன்றாவது மேட்ச்தான் சிக்கல். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் ஸ்வியாடெக் 2-வது சீட், கீஸ் 19-வது சீட். நேருக்கு நேர் கணக்கிலும் ஸ்வியாடெக்தான் முன்னிலை. அந்தத் தொடரில் அரையிறுதி வரை 5 மேட்சில் அவர் இழந்தது வெறும் 14 கேம். கீஸுக்கு ஆதரவாக இருந்த ஒரே விஷயம், சற்று முன்புதான் அடிலெய்டில் பட்டம் வென்று வந்திருந்தார்.

மூன்றாவது செட்டில் ஸ்வியாடெக்குக்கு மேட்ச் பாயிண்ட் கிடைத்தது. ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதிப்போட்டி. கீஸ் அதைக் காப்பாற்றினார். டைபிரேக்கில் 10-8. அந்த ஒரு பாயிண்ட் மட்டும் மாறியிருந்தால் நம் ரூல் 16-க்கு 14. அப்படியொரு பாயிண்டை எந்த நிபுணரும் முந்தின நாளே சொல்ல முடியாது.

வேறு எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

*தரை:* களிமண், புல், கடினத் தரை என ஒவ்வொன்றிலும் பந்து எழும்பும் விதம் வேறு. ஆனால் இதையும் கண்ணை மூடி நம்ப முடியாது. களிமண் ராணி என்று பெயர் வாங்கிய ஸ்வியாடெக், பிரெஞ்சு ஓபனில் தொடர்ந்து 26 மேட்ச் ஜெயித்த பிறகு 2025 அரையிறுதியில் தோற்றார். கடைசி செட் 0-6. அதற்கு முன் காலிறுதியைத் தாண்டியே இராத விம்பிள்டனில், அடுத்த மாதமே சாம்பியன் ஆனார்.

*நேருக்கு நேர்:* உதவும், ஆனால் சீக்கிரம் பழசாகிவிடும். 2025 விம்பிள்டன் இறுதியில் அனிசிமோவா, ஸ்வியாடெக்கிடம் 0-6, 0-6 என்று ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யுஎஸ் ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை 6-4, 6-3 என்று வீட்டுக்கு அனுப்பினார்.

*மனசைத் தொடும் கதை:* இது பெரிய பொறி. 2025 பிரெஞ்சு ஓபனில் தரவரிசையில் 361-வது இடத்தில் இருந்த உள்ளூர்ப் பெண் லோயிஸ் புவாசோன், பெகுலாவையும் ஆண்ட்ரீவாவையும் சாய்த்து அரையிறுதிக்கு வந்தார். ஊரே அவர் பக்கம். ரிசல்ட்? காஃப் 6-1, 6-2.

அதற்காக ‘கதை எப்போதும் தோற்கும்’ என்றும் சொல்லிவிட முடியாது. 2021 யுஎஸ் ஓபனில் தகுதிச்சுற்றில் ஆடி வந்த 18 வயது எம்மா ராடுகானு, அரையிறுதியில் 17-வது சீட் சக்காரியை 6-1, 6-4 என்று வென்று பட்டத்தையும் தூக்கினார்.

*உடம்பு:* இது வெளியே தெரியவே தெரியாது. நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் அரையிறுதியில், மக்டா லினெட்டை எதிர்த்து ஆடிய பிரிட்டனின் கேட்டி ஸ்வான் முதல் செட்டிலேயே விலகிவிட்டார். மேட்ச் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முடிந்துபோனது. அடுத்து இறுதியில், அனுபவசாலி லினெட்டை 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவா 4-6, 6-3, 6-4 என்று வீழ்த்தினார்.

இன்னொரு விஷயம்: கிராண்ட்ஸ்லாமில் ஆண்கள் 5 செட் ஆட்டம், பெண்கள் 3 செட் ஆட்டம். மோசமாகத் தொடங்கிய முன்னணி வீராங்கனைக்குச் சுதாரித்துக்கொள்ள நேரம் குறைவு.

80 சதவீதம் என்றால் உறுதி இல்லையா?

இல்லை. திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். செக்கிங்கில் எடுத்துப் பார்த்த பீஸ் எல்லாம் பாஸ் ஆனாலும், அடுத்த பீஸில் ஓட்டை இருக்காது என்று எந்த செக்கரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

ஒரு மேட்சுக்கு 80 சதவீதம் என்றால், இரண்டு அரையிறுதியும் சேர்ந்து சரியாக வர வாய்ப்பு 64 சதவீதம்தான் (0.8 × 0.8). மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். 8 தொடர்களில் இரண்டும் சரியாக வந்தது 5 முறை. 62.5 சதவீதம். கணக்கும் நிஜமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மிக அரிதானதும் நடக்கும். 2015 யுஎஸ் ஓபன் அரையிறுதியில் செரினா வில்லியம்ஸை எதிர்த்தவர், தரவரிசையில் 43-வது இடத்தில் இருந்த இத்தாலியின் ராபர்டா வின்சி. அவருக்குப் பந்தயக்காரர்கள் கொடுத்த விகிதம் 300-க்கு 1. ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமும் வெல்ல செரினாவுக்கு இன்னும் 2 மேட்ச்தான் பாக்கி. வின்சி 2-6, 6-4, 6-4 என்று ஜெயித்தார்.

13 சரியாகச் சொன்னால் லாபம் வருமா?

முக்கியமான இடம் இதுதான். பந்தய ஆப்களில் பெரிய வீராங்கனை மேல் பணம் போட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும். உதாரணத்துக்கு 1.20 விகிதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் போட்டு ஜெயித்தால் லாபம் 20 ரூபாய். தோற்றால் 100 ரூபாயும் போச்சு.

- 13 முறை ஜெயித்தால்: 13 × 20 = 260 ரூபாய் வரவு
- 3 முறை தோற்றால்: 3 × 100 = 300 ரூபாய் செலவு
- கடைசியில்: 40 ரூபாய் நஷ்டம்

16-க்கு 13 சரியாகச் சொல்லியும் நஷ்டம்! ஆப் நடத்துபவருக்கும் இந்த 80 சதவீதக் கணக்கு தெரியும். அதை வைத்துத்தான் விகிதமே போடுகிறார்.

அப்போ ‘கன்ஃபார்ம் டிப்ஸ்’ எப்படி சரியாக வருகிறது?

ஒருவர் 4 டெலிகிராம் குரூப் தொடங்குகிறார் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 200 பேர். இரண்டு அரையிறுதிக்கும் சேர்த்து மொத்தம் 4 விதமான முடிவுகள்தான் வர முடியும். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு விதமான டிப்ஸ் அனுப்புகிறார்.

யார் ஜெயித்தாலும் சரி, ஒரு குரூப்பில் இரண்டுமே சரியாக வந்திருக்கும். மற்ற மூன்று குரூப்பையும் மூடிவிடலாம். மிச்சம் இருக்கும் 200 பேர் கண்ணுக்கு அவர் தீர்க்கதரிசி. ‘ஃபைனல் டிப்ஸ் வேணுமா? விஐபி குரூப்புக்குப் பணம் கட்டுங்க’ என்று சனிக்கிழமை மெசேஜ் வரும். அவருக்கு டென்னிஸில் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

- பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இதில் இடம் உண்டு.
- தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- டிப்ஸ் என்ற பெயரில் யாராவது பணம் பறித்திருந்தால், சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கலாம். தாமதிக்காமல் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

டீக்கடையில் நான் சொன்ன பதில்

அன்று இரவு அண்ணனிடம் சீடிங்கை மட்டும் பார்த்துச் சொன்னேன்: “சபலென்கா, அனிசிமோவா. ஆனா பணம் போடாதீங்கண்ணா.” இந்திய நேரப்படி மேட்ச் வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30-க்குத் தொடங்கியது. பெகுலாவிடமும் ஒசாகாவிடமும் இருவருமே முதல் செட்டை இழந்து, பிறகு ஜெயித்தார்கள். என் கணிப்பு இரண்டும் சரி.

காலையில் அண்ணன் போன். “ஏந்தம்பி, நீங்க கரெக்டாச் சொல்லிப்போட்டு பணம் போடாதீங்கன்னுட்டீங்களே! ரெண்டாயிரம் போட்டிருக்கலாமுங்க.”

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அதே ரூலை வைத்து ஜூலையில், விம்பிள்டன் சமயத்தில் கேட்டிருந்தாலும் சபலென்கா என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ரெண்டாயிரம் போயிருக்கும். அந்த வாரச் சம்பளத்தில் மளிகைக் கடை பாக்கிக்கு எடுத்து வைத்த பணம் அது.

மேட்ச் பாருங்கள். யார் ஜெயிப்பார் என்று நண்பர்களோடு டீக்கு பந்தயம்கூடக் கட்டுங்கள். தோற்றால் ஒரு டீயோடு போகும்.