பழைய மோட்டார் வண்டிகளின் தோப்பு

மனிதர் முதுமை எய்தினால் திண்ணையில் அமர்ந்து பழங்கதை பேசுவர். மோட்டார் வண்டிகள் முதுமை எய்தினால் எங்கே போகின்றன? இவ்வினாவை இன்றைய மாணவர் எவரிடமேனும் கேட்டால், "பழைய இரும்புக்குப் போகும்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர். நாம் சிறுவராயிருந்த 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலோ அவ்விடை அத்துணை எளிதாயிருக்கவில்லை. அன்று முதுமையடைந்த வண்டிகளுக்கும் ஒரு திண்ணை இருந்தது.

மட்டக்களப்பிலே திருமலை வீதியை விட்டு வாவிக்கரை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாகை மரமொன்றின் நிழலில், அத்திண்ணை அமைந்திருந்தது. முன்புறம் ஒரு சிறு கராச். பின்புறம் வாவியைத் தொடும் அரை ஏக்கர் நிலம். அந்நிலத்திலே பதினைந்து இருபது வண்டிகள் சில்லுகளை இழந்து, தென்னங் குற்றிகளின்மேல் அமர்ந்திருந்தன. குறிஞ்சாக் கொடி சன்னல் வழியே புகுந்து மறு சன்னல் வழியே வெளிவந்திருக்கும். பின்னாசனத்திலே கோழி அடைகாத்திருக்கும். பள்ளி விட்டதும் புத்தகப் பையை வீட்டிலே எறிந்துவிட்டு நாம் ஓடியது அங்கேதான். கராச்சுக்காரரை ஊரார் யாவரும் 'பாஸ்' என்றே அழைத்தனர். அவர் எம்மைத் துரத்தவில்லை. "கண்ணாடித் துண்டு கிடக்கும், கால பாத்து வை மனே" என்று மட்டும் சொல்வார்.

இலக்கத் தகடு சொல்லும் வரலாறு

அங்கே நாம் முதலிற் கற்றது வண்டியின் வயதைக் கணிக்கும் கலை. மரத்தை வெட்டினால் வளையங்கள் வயதைச் சொல்லும். வண்டிக்கோ இலக்கத் தகடு போதும். 'சிலோன்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டிரண்டு எழுத்துக்களாக எடுத்துப் பொறித்த தகடாயின் அது மூத்த தலைமுறை. 1957 ஆம் ஆண்டில் அவ்வெழுத்துக்களின் இடத்திற்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதனை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளிலே கிளர்ச்சி எழுந்ததும், 1958 இல் தகடுகளிலே தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதப்பட்டதும் நாடறிந்த செய்திகள். எமது தோப்பிலும் ஒரு தகட்டின் தார்க்கறை முற்றாய் நீங்காதிருந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் அதனைப் படிப்பதற்குப் பல்லாண்டு முன்னரே, விரலால் அதனைத் தடவிப் பார்த்தவர் நாம்.

மற்றொரு புதிர் ஒரு மொறிஸ் மைனரில் இருந்தது. 1948 இல் இலண்டன் எர்ல்ஸ் கோட் கண்காட்சியிலே முதன்முதல் வெளியான இவ்வகை வண்டி இலங்கையின் செல்லப் பிள்ளையாகிக் கொழும்பு நகரிலே வாடகை வண்டியாகவும் பெருகியது. எம் தோப்பிலிருந்ததோ மிகப் பழையது. அதன் பம்பரின் நடுவே நான்கு அங்குல அகலத்தில் ஒரு துண்டு இணைக்கப்பட்டிருந்தது. எங்கோ மோதி ஒட்டுப்போட்டது என்று நாம் எண்ணினோம். பாஸ் சிரித்தார். "இது அடிபட்டு ஒட்டினதில்ல மனே, பிறக்கக்குள்ளயே இப்படித்தான்" என்றார்.

காரணத்தைப் பின்னாளிலேதான் அறிந்தோம். வண்டியை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றியதால், அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்தாராம். நான்கு அங்குலம் கூடியபோது அழகு சரியாயிற்று. பம்பர்களோ அதற்குள் செய்து முடிந்துவிட்டன. அவற்றை வீணாக்காது நடுவே துண்டிணைத்துப் பூட்டினர். பதினாறு இலட்சத்திற்கு மேல் விற்பனையான ஒரு வண்டியின் கதை இவ்வாறு ஓர் ஒட்டிலிருந்தே தொடங்குகிறது!

ஒரு வண்டி, பல பிறவிகள்

இத்தகைய தோப்புகள் எமது நாட்டிலே ஏன் எழுந்தன என்பதையும் கூறவேண்டும். 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டு மேலும் இறுகியது. புதிய வண்டியும் வராது, உதிரிப் பாகமும் எளிதிற் கிடையாது. ஆகவே, ஓடாத வண்டியே ஓடும் வண்டிக்கு உயிர் ஈந்தது. ஒன்றின் கதவு மற்றொன்றிற்குப் போயிற்று; ஒன்றின் பல்சில்லு மூன்றாவது வண்டியிற் சுழன்றது.

வண்டிக்கு உதவாதவையும் வீணாகவில்லை. வில்லுத் தகடுகள் கொல்லன் பட்டறையிலே கத்தியாகவும் கோடரியாகவும் மாறின. அச்சும் சில்லும் படுவான்கரை மாட்டு வண்டிகளின் அடியிற் பூட்டப்பட்டு நெல் மூட்டை சுமந்தன. காற்றடைத்த ரியூப்பிலே மிதந்தபடி வாவியில் வலை வீசினர். தேய்ந்த ரயர் படகுத் துறையிலே தொங்கிப் படகின் விலாவைக் காத்தது.

எமது தந்தையாரின் வண்டியும் அத்தோப்பிற்கே சென்றது. அது ஓர் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். பல்லாண்டு காலம் அதனை வாடகைக்கு ஓட்டியே அவர் குடும்பத்தைக் காத்தார். 1973 இலே அதன் எஞ்சின் தண்டு முறிந்தது. மாற்றுத் தண்டு கொழும்பிலும் அகப்படவில்லை. மாட்டைக் கட்டி வண்டியை ஒழுங்கைக்குள் இழுத்துச் சென்ற நாளில், தந்தையார் திறப்பை மட்டும் மடியிற் செருகிக்கொண்டு திரும்பினார். அதன் பின் அவ்வொழுங்கைப் பக்கம் அவர் போகவே இல்லை. நாமோ நாள்தோறும் சென்று அவ்வண்டியிலேயே அமர்ந்து விளையாடினோம். அதனை அவரிடம் சொல்லத் துணியவில்லை.

ஓராண்டு கழிந்து ஒரு மாரி இரவில் வீட்டுப் படலையிலே கூக்குரல் கேட்டது. படுவான்கரையிலிருந்து பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை ஏற்றி, படகுப் பாதையிலே வாவி கடந்து வந்த வாடகை வண்டி, வீதியில் நின்றுவிட்டது. அதுவும் சோமசெற், பெற்றோல் பம்பு பழுது. ஆசுபத்திரி இன்னும் தொலைவு. தந்தையார் ஒரு கணம் நின்றார். பின்னர் ரோர்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, "வா மனே" என்று எம்மையும் அழைத்து ஒழுங்கைக்குள் நடந்தார். மழையிலே பாஸ் குடை பிடிக்க, நாம் விளக்குப் பிடிக்க, தமது வண்டியின் மூடியைத் தாமே திறந்து, இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பம்பை எடுத்தார். அரை மணி நேரத்தில் வாடகை வண்டி முழங்கிக்கொண்டு புறப்பட்டது. பாஸ் காசு கேட்கவில்லை, தந்தையாரும் கேட்கவில்லை. ஆண் குழந்தை பிறந்த செய்தி மறுநாள் வந்தது. கைக்கரியைக் கழுவியபடி தந்தையார் சொன்னார்: "நம்மட வண்டி இன்னும் ஓடுது, மனே." அன்று தொடங்கி அவர் மீண்டும் அவ்வொழுங்கை வழியே நடந்தார்.

தோப்பு மறைந்த விதம்

1977 இலே இறக்குமதிக் கட்டுகள் தளர்ந்தன. யப்பானிய வண்டிகள் வரிசையாய் வந்தன. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைப் பாழாக்கிய சூறாவளியிலே வாகை மரம் வேரோடு சாய்ந்து தோப்பின் நடுவே வீழ்ந்தது. நசுங்கியவற்றை எடை போட்டுப் பழைய இரும்புக்காரர் ஏற்றிச் சென்றனர்.

எனினும், அக்காலத்து வண்டிகளின் பெருமை அத்துடன் முடியவில்லை. 1990 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலிலே கிளப்பி மண்ணெண்ணெயிலே ஓடி மக்களைச் சுமந்தவை இந்தப் பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களுமே. எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவாயிருந்தமையால் தாழ்ந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன.

இத்தகைய தோப்புகளால் தீங்கில்லை என்று நாம் சாதிக்கவில்லை. சுவிற்சர்லாந்திலே கௌஃப்டோர்ஃப் என்னும் கிராமத்திலே, 1930 ஆம் ஆண்டுகள் முதல் சேர்ந்த நூற்றுக்கணக்கான பழைய வண்டிகள் காட்டினுள்ளே பாசி படர்ந்து நின்றன, காண்போர் வியந்தனர். ஆயினும், அதனை அகற்றுமாறு கட்டளை பிறந்து, 2009 இலே வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. எண்ணெயும் மின்கல அமிலமும் மண்ணிற் கசிந்தால் நீர்நிலை நஞ்சாகும். எமது தோப்பிலும் மாரியிலே வாவியின் ஓரநீர் வானவில் நிறங்காட்டியது. அன்று அதனை அழகென்று பார்த்து நின்றோம். இன்று அதன் பொருள் புரிகின்றது.

மட்டக்களப்பிற்கு அப்பால், கடலடியிலும் ஒரு பெரும் பழைய இரும்பு கிடக்கின்றது. விமானந்தாங்கியாகவே வகுத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பலான ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, 307 உயிர்களுடன் அங்கே அமிழ்ந்தது. இன்று அதன்மேற் பவளம் படர்ந்திருக்க, மீன்கள் குடியிருக்கின்றன. மனிதன் கைவிட்டதை இயற்கை கைவிடுவதில்லை.

இன்றைய வண்டிகள் விரைவானவை, வசதியானவை. ஆயின், அவற்றின் மூடியைத் திறந்தால் சிறுவன் பார்த்தறிய யாதுமில்லை. யாவும் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. பழுதானால் கழற்றி எறிந்து புதியது பூட்டுவதே வழக்கம். எப்பொருளும் எவ்வாறு இயங்குகிறது என்று கழற்றிப் பார்க்கும் ஆவலையும், கழற்றியதை மீண்டும் பூட்டும் பொறுமையையும் எம் பிள்ளைகளுக்கு எங்கே கற்பிக்கப் போகிறோம்? வீட்டிலே ஓடாத மணிக்கூடோ பழைய சைக்கிளோ இருப்பின், பெற்றோர் அதனை எறியுமுன் ஒரு நாள் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.

2013 இலே கல்லடியிற் பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே மண்முனையிலும் பாலம் வந்தது. படுவான்கரைப் பெண்கள் இனி மண்முனைத்துறையிலே படகுப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது பெரிய நன்மை. வாகை நின்ற இடத்திலே இன்று மதில் சூழ்ந்த வீடுகள் நிற்கின்றன. தந்தையாரும் இல்லை, பாஸும் இல்லை. அந்தத் திறப்பு மட்டும் எம் மேசை இழுப்பறையிலே கிடக்கின்றது. அது திறப்பதற்கு இன்று ஒரு கதவும் இல்லை. ஆயினும், அன்றிரவு பிறந்த குழந்தை இன்று ஐம்பது வயதை எட்டியிருக்கும் என்று எண்ணுங்கால், எம் வண்டி இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகின்றது.